முகவரி தெளிவில்லை

2024 செப்டம்பரில், கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்திருந்த நாட்களில், பொதுச் சுகாதார ஆய்வுக் குழு ஒன்று என்னிடம் ஓர் உதவி கேட்டது. நோயாளிகளின் பெயர் நீக்கப்பட்ட முகவரிப் பட்டியலைச் சீர்செய்து, வரைபடத்தில் புள்ளிகளாக இடத் தக்கதாக ஆக்கித் தர வேண்டும். பெங்களூர்க் கண்டோன்மென்ட் பகுதித் தமிழரின் இடப்பெயர்களை ஆராயும் எனக்கு அது எளிய வேலையாகவே தோன்றியது. மர்பி டவுன், மர்ஃபி டவுன், மர்பிடௌன்; ஹலசூரு, அல்சூர், உல்சூர். ஒரே இடத்தின் பல எழுத்துருக்களை ஒன்றாக்குவது மொழியியல் மாணவருக்குப் பழகிய பயிற்சிதானே.

வரைபடம் வந்தபோது மர்பி டவுனின் நடுவில் தடித்த சிவப்பு வட்டம் ஒன்று தெரிந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி, நோயின் மையத்தைக் கண்டுவிட்டோம் என்று நினைத்தோம். அந்தப் படம் ஒரு கூட்டத்தில் காட்டவும் பட்டது.

சில நாள் கழித்து அந்த வட்டத்துக்குள் இருந்த முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவற்றில் ஊர்ப்பெயரும் 560008 என்ற அஞ்சல் குறியீடும் தவிர வேறொன்றும் இல்லை. வீடு எதுவெனக் கண்டுபிடிக்க இயலாதபோது மென்பொருள் பேசாமல் இருப்பதில்லை. அப்பகுதியின் நடுப்புள்ளியில் நோயாளியைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. நாங்கள் கண்டது நோயின் மையம் அன்று, எங்கள் அறியாமையின் மையம்.

அதைவிட வருத்திய செய்தி வேறு. ‘மாரியம்மன் கோயில் பின்னால் மூன்றாவது லைன்’, ‘தண்ணி டேங்க் சந்து’ என்றிருந்த வரிகளை ‘முகவரி தெளிவில்லை’ என்று குறித்துப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தேன். நீக்கியது மென்பொருள் அன்று, நான்.

ஏடிஸ் கொசு பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் செல்வதில்லை. ஆகவே டெங்குவைப் பொறுத்தவரை அரைக் கிலோமீட்டர்ப் பிழை சிறு பிழை அன்று. மருந்து ஒரு தெருவில் தெளிக்கப்பட, கொசு வேறொரு தெருவில் பெருகிக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மர்பி டவுனுக்குச் சென்றேன். நோயாளிகளைத் தேடி அன்று, சந்துகளின் பெயர்களைத் தேடி. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி ஒருவரிடம் மூன்றாவது லைன் எதுவென்று கேட்டேன்.

“எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணுவ கண்ணு? கோயில்லேர்ந்து எண்ணுனா இது மூணாவது. ரோட்லேர்ந்து எண்ணுனா அஞ்சாவது.”

என் முனைவர் பட்டப் படிப்பில் இடஞ்சுட்டலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எண்ணத் தொடங்கும் இடம் எதுவென்ற கேள்வி முகவரிப் பட்டியலைப் பார்த்தபோது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. அந்த முகவரிகள் தெளிவற்றவை அல்ல; அவற்றின் இலக்கணம் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவே. வாசல்தோறும் நீர் நிரம்பிய நீல டிரம்கள் இருந்தன. “தண்ணி தெனம் வராது கண்ணு, புடிச்சு வெச்சுக்கறோம்” என்றார் பாட்டி. நான் அழித்த வரிகள் குறித்தது இத்தகைய சந்துகளைத்தான்.

நோய் வரைபடம் என்றதும் நாம் 1854இல் இலண்டன் சோஹோ பகுதியில் ஜான் ஸ்நோ செய்த காலரா ஆய்வைச் சொல்வோம். பிராட் தெருப் பம்பின் கைப்பிடி அவ்வாண்டு செப்டம்பர் 8 அன்று கழற்றப்பட்டது; புகழ்பெற்ற வரைபடமோ அதன் பிறகே அச்சேறியது. முதலில் நிகழ்ந்தது விசாரிப்பு. தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் இறந்த ஒரு பெண்மணி, சுவை பிடித்துப்போய் அந்தப் பம்பின் நீரையே தருவித்துக் குடித்துவந்தார் என்பதை எந்தப் புள்ளியும் சொல்லவில்லை; உறவினர் சொன்னார். அருகிலிருந்த மதுவடிப்பாலைத் தொழிலாளர் தப்பியதன் காரணமும் கேட்டறிந்ததே.

மர்பி டவுனும் ஒரு வரைபடத்தில் பிறந்த ஊர்தான். முன்பு நாக்ஸ்பேட்டை, பின்பு அதை வடிவமைத்த பொறியாளர் மர்பியின் பெயர் பெற்றது. 1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக், நெருக்கத்தைக் குறைத்துக் காற்றோட்டமான குடியிருப்புகள் அமைக்கும் எண்ணத்தை இந்நகரில் வலுப்படுத்தியது. மேலிருந்து வரைந்தவர்கள் கோடுகளை இட்டார்கள். அவற்றுக்கு இடையே வாழ்ந்தவர்கள் தங்கள் பெயர்களை இட்டார்கள். நம் தரவுத்தளங்களுக்குத் தெரிவது முன்னது மட்டுமே. அந்தக் கோடுகளும் நிலையானவை அல்ல. பெங்களூர் வார்டுகளின் எண்ணிக்கை 198ஆக இருந்து, 2022இல் 243ஆகவும் 2023இல் 225ஆகவும் மாற்றி வரையப்பட்டது. ஒரு நோயாளியும் கூடாமல் குறையாமல், எல்லை நகர்ந்தாலே வார்டின் நிறம் மாறிவிடும்.

நீக்கிய வரிகளைத் திரும்பச் சேர்த்து, சந்துப் பெயர்களுக்கு ஓர் அகராதி தயாரித்து, புதிய படத்தைக் குழுவிடம் கொடுத்தேன். வீடுகள் அடையாளப்படாதபடி புள்ளிகளைச் சந்தளவிலேயே நிறுத்தினோம். சிவப்பு வட்டம் கரைந்து, கோயிலின் பின்புறச் சந்துகளில் சிதறியது. இதனால் எத்தனை பேருக்குக் காய்ச்சல் தவிர்ந்தது என்று என்னால் சொல்ல இயலாது. பழைய படம் கூட்டத்தில் காட்டப்பட்டது காட்டப்பட்டதுதான்.

தரவைச் ‘சுத்தம்’ செய்யும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீக்கிய வரிகளைத் தனிக் கோப்பில் வைத்திருங்கள். ஆய்வு முடியுமுன் ஒருமுறை அதை வாய்விட்டுப் படியுங்கள். அவை யாரோ ஒருவர், உடம்பு கொதிக்க, தம் வீட்டுக்கு வழி சொன்ன சொற்கள்.