கேட்காமல் ஓடும் மோட்டார்

ஜிபிஐஓ 12-இல் ரிலே போர்டை மாட்டிவிட்டு, "போர்டு செத்துப்போச்சுங்ணா" என்று வந்து நிற்கும் பையன்களை உக்கடத்துப் பட்டறைகளில் இப்போது அடிக்கடி பார்க்கலாம். ஈஎஸ்பி32 சிப்பில் பவர் ஏறும் நேரத்தில் அந்தப் பின் ஹையில் இருந்தால், ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் கொடுத்தால் போதும் என்று சிப் முடிவுகட்டிவிடும். 3.3 வோல்ட் ஃபிளாஷ் அதில் வேலை செய்யாது, பூட் ஆகாது. போர்டு சாகவில்லை. டேட்டாஷீட்டில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

இதை எழுதுகிறவர் இந்தத் தொழிலுக்கு வந்தது கல்லூரி வழியாக அல்ல, ஸ்டார்ட்டர் பெட்டி வழியாக. பொள்ளாச்சி, உடுமலை, பழனி, பாலக்காட்டு பஸ்கள் வந்து நிற்கும் உக்கடத்தில் எரிந்த காயிலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இறங்கும் விவசாயிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பைக்காரா மின்சாரம் 1930-களில் இறங்கி வந்ததும், 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே மோட்டார் செய்ததும் ஊரறிந்த கதை. அந்த மோட்டாருக்கு இன்று செல்போனில் உத்தரவு போகிறது. நடுவில் நிற்பது சிம் அல்லது வைஃபை உள்ள ஒரு சின்னப் பலகையும் அதன் பின்களும்.

சமீபத்தில் மொபைல் ஸ்டார்ட்டர் விற்கும் ஓர் இளைஞர் சொன்னார்: "பின்னெல்லாம் சாப்ட்வேர்லயே மாத்திக்கலாங்ணா. இந்த ரெசிஸ்டர் வேலையெல்லாம் பழைய காலம்." அந்தப் பேச்சுக்கு ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

டிஓஎல் ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனுக்கு இணையாகத்தான் ரிலேயின் காண்டாக்ட் போகிறது. பட்டனைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. ஒருமுறை தட்டினால் காண்டாக்டர் இழுக்கும், அதன் ஹோல்டிங் காண்டாக்ட் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். இப்போது மின்சாரம் போய்த் திரும்பி வருகிறது என்று வையுங்கள். சிப்புக்கு 3.3 வோல்ட் கிடைக்கிறது. நாம் எழுதிய புரோகிராமின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே சிப்புக்குள் இருக்கும் பூட் ரோம் தன் வேலையைத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியில் ஈஎஸ்பி32-இல் 5, 14, 15 போன்ற பின்கள் ஹைக்குப் போகலாம், துடிக்கவும் செய்யலாம். 2014-இல் வந்த ஈஎஸ்பி8266-இல் 16-ஆம் பின் பூட் ஆகும்போது ஹையில் நிற்கும். நொடியின் ஒரு சிறு பங்குதான். ரிலே ஒருமுறை 'டக்' என்று அடித்து விழுந்துவிடும். ஆனால் காண்டாக்டர் விழாது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

புரோகிராம் விழித்து, தான் எதையும் ஆன் செய்யவில்லை என்பதால் செல்போனுக்கு 'ஆஃப்' என்றே சொல்லும். தோட்டத்துக்காரர் அதை நம்பிக் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வற்றிய போரில் சப்மெர்சிபிள் வெறுமனே சுற்றும். ஆயிரம் அடிக்கு மேல் போன போர்கள் கொங்கு நாட்டில் சர்வசாதாரணம். மோட்டாரை மேலே தூக்கவே எவ்வளவு கூலி என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கோளாறை எலெக்ட்ரானிக்ஸ் படித்த யாரும் இதை எழுதுகிறவருக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தவர் ரீவைண்டிங் பட்டறை நடத்திய ஒரு பாய். அவருக்கு மைக்ரோகன்ட்ரோலர் என்றால் என்னவென்று தெரியாது. எந்தப் பெட்டியைக் கொண்டுபோனாலும் மோட்டார் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, மூடிமேல் காதை வைத்து, மெயினைப் போட்டுப் போட்டு எடுப்பார். "கரண்ட் வந்ததும் இதுக்கு முதல்ல என்ன தோணுது, அதைச் சொல்லு" என்பார். பதில் தெரியாவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "மோட்டார் ஓடறது பெருசில்ல தம்பி, கேக்காம ஓடக் கூடாது." அவர் கேட்ட கேள்விக்கு டேட்டாஷீட்டில் தனி அட்டவணையே உண்டு: ரீசெட்டின்போது ஒவ்வொரு பின்னும் என்ன நிலையில் இருக்கும் என்பது. இவர் டேட்டாஷீட் படிக்கத் தொடங்கியதே அந்தப் பட்டறை வாசலில்தான்.

மருந்து எளிது. பூட்டில் அமைதியாக இருக்கும் பின்னைத் தேர்ந்தெடுப்பது. ஈஎஸ்பி8266-இல் 4-உம் 5-உம் அப்படிப்பட்டவை. ரிலே டிரைவரின் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10கே ரெசிஸ்டர், விலை ஒரு ரூபாய்கூட இல்லை. லோவில் இழுக்கும் ரிலே போர்டாக இருந்தால், கோடில் முதலில் ஹை என்று எழுதிவிட்டு அதன் பிறகே பின்னை அவுட்புட் என்று அறிவிக்க வேண்டும். வரிசை மாறினால் ரிலே ஒரு கணம் அடிக்கும். அந்த இளைஞரின் சாப்ட்வேரால் இந்தக் கடைசி ஒன்றைத்தான் செய்ய முடியும். மற்றவை சாலிடரிங் அயர்ன் வேலை.

இன்புட் பக்கம் இன்னும் மோசம். தொட்டி மிதவையிலிருந்து நூற்றுக்கணக்கான அடி ஒயர், மோட்டார் கேபிளோடு ஒட்டிக்கொண்டே வரும். ஈஎஸ்பி32-க்குள் இருக்கும் சுமார் 45கே புல்-அப்பை நம்பி அதை நேராகச் செருகுகிறார்கள். 34 முதல் 39 வரையான பின்களில் அந்தப் புல்-அப்பும் கிடையாது. காலித் தொட்டி 'நிறைந்துவிட்டது' என்று காட்டாமல் என்ன செய்யும்? 12 வோல்ட் சுற்று, நடுவில் ஒரு ஆப்டோகப்ளர் என்று வைத்தால் தீர்ந்தது. மோட்டார் ஓடுகிறதா என்பதையும் காண்டாக்டரின் துணைக் காண்டாக்டிலிருந்தே இன்புட்டாக எடுக்க வேண்டும். போட்ட உத்தரவையே திருப்பிச் சொல்வது தகவல் ஆகாது.

பழைய ஸ்டார்ட்டரின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒயரிங் படம் ஒட்டியிருக்கும். இன்றைய பெட்டிகளில் சிப்பின் பெயரைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி ஊற்றுகிறார்கள். ஒரு நிறுவனம் புதிய போர்டில் ரிலே பின்னை இடம் மாற்றிவிட்டு, பழைய போர்டுகளுக்கும் அதே ஃபர்ம்வேரை வான்வழி அனுப்பியது. பெட்டிகள் இதை எழுதுகிறவரின் பட்டறைக்குத்தான் வந்தன. பழியும் சேர்ந்தே வந்தது. ஏசி அறையில் மாதக்கணக்கில் ரீசெட் ஆகாமல் ஓடிய போர்டு தோட்டத்தில் ஒரே நாளில் எத்தனை தடவை ரீசெட் ஆகும் என்று விற்பவர்கள் வந்து பார்க்க வேண்டும். நெட்டில் கிடைத்த கோடை ஒட்டி, ஜம்பர் ஒயரை வைத்து விற்பவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கொடுப்பதற்கு முன், தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து மோட்டார் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். மெயினைப் பத்து முறை போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒருமுறை காண்டாக்டர் தானாக இழுத்தாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.