மார்கழியில் ஒரு துணை

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மார்கழிப் பனியைக் கச்சிராயபாளையத்தார் நன்கறிவர். விடியற்காலை 5 மணிக்குப் போர்வையை விலக்குவதே ஒரு தவம். சென்ற ஆண்டு என் மகன் அத்தவத்தில் தோற்றான். காவலர் உடற்தகுதித் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓட வேண்டும். அவன் 9 வினாடி பிந்தினான். பனிக்காலம் முழுவதும் உறங்கிவிட்டுத் தை கழிந்தபின் தொடங்கிய பயிற்சி கைகொடுக்கவில்லை.

இவ்வாண்டு நான் அறிவுரை கூறவில்லை, அவனோடு எழுந்தேன். ஐம்பது வயதைக் கடந்த என்னால் ஓட இயலாது. ஆகவே, கோமுகி அணைச் சாலையில் கைக்கடிகாரத்துடன் நின்றேன். குளிரில் தசைகள் இறுகியிருக்குமாதலால், முதல் பத்து நிமிடம் இருவரும் விரைந்து நடப்போம். பனிமூட்டத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரும்; ஓட்டுநர் கண்ணில் படுமாறு அவன் வெள்ளைச் சட்டை அணிந்திருப்பான். பின்னரே ஓட்டம்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். "அப்பா, நீங்கள் படுத்திருங்கள்" என்று கூறிவிட்டு அவன் தனியே புறப்பட்டான். வாயிற்கதவு சாத்தப்படும் ஓசை கேட்டு என் கண்கள் நனைந்தன.

தேர்வு நாள் இன்னும் வரவில்லை. ஆயினும் பெற்றோரே, பிள்ளையை எழுப்புவதைவிட அவனுடன் எழுவதே மேல் என்பதை இம்மார்கழி எனக்குக் கற்பித்துவிட்டது.