சம்பளச் சீட்டும் வகுத்தல் கணக்கும்

உழைப்பவனுக்கு உரிமை உண்டென மேடையில் முழங்குதல் எளிது. அவ்வுரிமை எத்தனை வெள்ளி, எத்தனை காசு எனக் கணக்கிட்டுக் காட்டுதலே அரிது.

தோட்டப்புறத் தமிழரின் உரிமைக்குரல் பழமையானது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வு மட்டுமா கேட்கப்பட்டது? துரையைக் கண்டதும் மிதிவண்டியைவிட்டு இறங்கும் வழக்கமும் ஒழிய வேண்டுமெனத் தொழிலாளர் கோரினர். கூலியும் மானமும் பிணைந்தவை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்று தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் துணைநிற்கிறது. மாதம் 4,000 வெள்ளி வரை பெறும் ஊழியருக்கு, மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும் என்கிறது அச்சட்டம். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் நாட்கூலி; அதை நாளின் வேலை நேரத்தால் வகுத்தால் மணிக்கூலி. நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைத்து 1,700 வெள்ளி பெறுபவனின் மணிக்கூலி 8 வெள்ளி 17 காசு. மிகைநேரத்திற்கு 12 வெள்ளி 26 காசு. மாதத்தில் 40 மணி நேரம் கூடுதலாக உழைத்தால் 490 வெள்ளி சேரவேண்டும். முதலாளி சாதாரணக் கூலியையே கணக்கிட்டால் 327 வெள்ளிதான் கிடைக்கும். ஓராண்டில் இழப்பு ஏறத்தாழ 1,960 வெள்ளி! ஒரு மாத உழைப்பு முழுதும் பறிபோய், அதற்கு மேலும் போகிறது. ஆயினும் சீட்டைப் பாராமல் மடித்துச் சட்டைப்பையில் வைப்போரே பலர்.

இழப்பை அறிந்தவனும் வேலை போய்விடுமோ என அஞ்சி வாய்மூடுகிறான். சம்பளக் குறையை முறையிடத் தொழிலாளர் இலாகா உண்டு. பணியிடத்தில் இலஞ்சம், மோசடி போன்ற குற்றங்களைக் கண்டவனுக்கோ 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அரணாகும். அச்சட்டம் அவன் அடையாளத்தை மறைத்துக் காக்கிறது, பழிவாங்குதலைத் தடுக்கிறது. ஆனால் அவன் சட்ட அமலாக்க நிறுவனத்திடம் சொல்லியிருக்க வேண்டும். தேநீர்க் கடையிலும் செய்தித்தாளிலும் சொன்னவனுக்கு அந்த அரண் இல்லை. பொய்யென அறிந்தே சொன்னவனுக்கும் இல்லை.

எனவே, சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. எண்ணும் எழுத்தும் கற்பிக்கும் ஆசிரியர், வகுத்தல் கணக்கிற்கு மாம்பழங்களையே எடுத்துக்காட்ட வேண்டுமா? ஒரு சம்பளச் சீட்டைக் கரும்பலகையில் எழுதலாமே. மாணவன் அதை வீட்டிலும் போட்டுப் பார்க்கட்டும். கணக்கு ஒத்துவராவிடில் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பதையும் அவன் அறிந்திருக்கட்டும்.