திறக்காமல் வாசித்தல்

அறுவை மருத்துவராக விரும்பியவர் பிரான்சுவா ஜாகோப். 1944இல் நார்மண்டியில் நிகழ்ந்த குண்டுவீச்சில் கையில் பட்ட காயம் அவ்வழியை அடைத்துவிட்டது. பிற்பாடு பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் அவரும் ஜாக் மோனோவும், குடல் பாக்டீரியாவில் மரபணுவை அடக்கிவைக்கும் பொருள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1961இல் எழுதினார்கள். அப்போது அது வெறும் தர்க்கம். அதை ஆர்.என்.ஏ. என்றுகூட ஐயுற்றார்கள். 1966இல் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் பிரித்தெடுத்தபோது அது புரதமாக இருந்தது.

பாடநூல்கள் அதை ‘சுவிட்ச்’ என்கின்றன. எனக்கு அச்சொல் உவப்பானதல்ல. சுவிட்சுக்குத் தேடல் கிடையாது. ஒரு செல்லில் ஏறத்தாழ பத்தே பிரதிகள்; தேட வேண்டிய எழுத்திணைகளோ சுமார் 46 லட்சம். டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் அது பிரிப்பதில்லை. வெளிப்புறப் பள்ளத்தில் தன் சுருளொன்றைப் பொருத்தி, எழுத்துகளின் விளிம்புகளைத் தொட்டே அறிகிறது. இருட்டில் கல்வெட்டைத் தடவிப் படிப்பவனின் விரல்களே நினைவுக்கு வருகின்றன. பொருந்தாத இடங்களையும் தளர்வாகப் பற்றி, சற்று வழுக்கி, விலகி, மீண்டும் பற்றுகிறது. உரிய இடம் வாய்த்ததும் இறுகிப் பிடிக்கிறது. லாக்டோஸைச் செரிக்கும் நொதிகளின் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. லாக்டோஸ் வந்தாலோ, அதிலிருந்து உருவாகும் சர்க்கரையொன்று புரதத்தில் ஒட்டி அதன் வடிவத்தைச் சிறிதே மாற்றுகிறது. பிடி நழுவுகிறது.