உம்மாவின் குரலைப் பதிய ஒரு இலவச மென்பொருள் தேடிய கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். பாடசாலை விடுமுறைக்கு எழுதி முடிப்போம் என்று வைத்திருந்து, மூன்று விடுமுறை போய்விட்டது.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். மருதமுனையில் இருக்கிறோம். எங்களில் ஒருவர் கிற்றார் வாசிப்பார், மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டில் எது கஷ்டமான வேலை என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அந்தக் கிற்றாரும் கல்வியியற் கல்லூரியில் பயிலுநராக இருந்த காலத்தில், படிப்பு முடித்துப் போன ஒரு நண்பரிடம் 6,500 ரூபாய்க்கு வாங்கியதுதான். பத்துப் பாட்டுக்குக் கோட்ஸ் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இசைக்கருவி பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது எங்களுக்குத் தெரியும். அந்த விவாதத்தைத் திறக்க இதை எழுதவில்லை. கொமெண்டில் அதைத் தொடங்க வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம். இந்தக் கதையின் முடிவில் கிற்றார் எங்கே போய் நிற்கிறது என்று நீங்களே பார்க்கத்தான் போகிறீர்கள்.

விசயம் தொடங்கியது 2022 இல். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இரவில் பிள்ளைகள் வியர்த்து அழ, உம்மா (எங்களில் ஒருவருக்கு உம்மா, மற்றவருக்கு மாமி) பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே தாலாட்டுக் கவி சொல்வா. அவவுடைய உம்மா அவவுக்குச் சொன்ன கவி. எழுத்தில் எங்கும் இல்லை. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். நாங்கள் இருவரும் இருட்டில் முழித்திருந்து கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒரு நாள் மூத்த மகள் கேட்டாள்: "உம்மா, உங்கட வாப்பா எப்பிடிக் கதைப்பாங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. வாப்பா எண்பதுகளில் சவூதியில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் கடிதத்தோடு கசெற்றும் வரும். போன் இல்லாத வீடுகளில் வெளிநாட்டுக்காரர்கள் கசெற்றில் கதைத்து அனுப்புவார்கள், வீட்டில் எல்லோரும் வட்டமாக இருந்து கேட்பார்கள். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். வாப்பா 2002 இல் மௌத்தானார். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. அலுமாரியோடு கசெற்றுகளும் போயின. உயிர் தப்பியதே அல்லாஹ்வின் அருள் என்று இருந்த நேரத்தில் கசெற்றைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலை பிறகு வந்தது. வாப்பாவின் குரல் இன்று இந்த உலகத்தில் எங்கும் இல்லை.

உம்மாவின் கவியையாவது பதிந்து வைப்போம் என்று முடிவெடுத்தோம். கிற்றாரையும் பின்னால் மெல்லச் சேர்த்தால் அழகாக இருக்கும் என்பது எங்களில் ஒருவரின் ஆசை.

லெப்டொப்பில் ஏற்கனவே ஒரு பெரிய ரெக்கோர்டிங் மென்பொருள் இருந்தது. கடையில் லெப்டொப் வாங்கும்போதே "எல்லாம் போட்டுத் தந்திருக்கன் சேர்" என்று தந்தார்கள். காசு கொடுத்து வாங்கினால் எங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். நாங்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தது ஒரு மாணவன். தரம் 11 தகவல் தொழினுட்பப் பாடம். புரொஜெக்டரில் மென்பொருள் களவு பற்றிய பாடம் போய்க்கொண்டிருக்கிறது. பாதியில் திரையின் நடுவே ஒரு பெட்டி வந்தது: உங்கள் பிரதி அசல் அல்ல, அனுமதிப்பத்திரம் இல்லை என்று. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழும்பி, கேலி இல்லாமல் உண்மையாகவே கேட்டான்: "அப்ப இது களவெடுத்ததா சேர்?"

"கடைக்காரர் போட்டுத் தந்தது" என்று சொல்லித் தப்பிக்கலாம். களவுச் சாமானை வாங்கியவனும் அப்படித்தான் சொல்வான். அன்று இரவு இருவரும் கதைத்தோம். மற்றதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், உம்மாவின் குரலைக் களவெடுத்த சாமானுக்குள் போட மனம் வரவில்லை. அழித்துவிட்டோம்.

பிறகுதான் தேடத் தொடங்கினோம். 2023 அது. டொலர் 300 ரூபாயைத் தாண்டி நின்ற காலம். காசு கொடுத்து வாங்கும் பேச்சுக்கே இடமில்லை.

முதலில் கேக்வோக். ஸ்டூடியோக்காரர்கள் பல வருடம் காசு கொடுத்துப் பாவித்த மென்பொருள். கிற்றார் செய்யும் கிப்சன் கம்பனி 2017 இல் அதைக் கைவிட, சிங்கப்பூரின் பேண்ட்லேப் 2018 இல் வாங்கி இலவசமாகத் திறந்துவிட்டது. நல்ல சாமான், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் பழைய லெப்டொப் அதைத் திறந்து முடிக்கும்போது தேத்தண்ணி ஆறிவிடும். ஒரு குரலும் ஒரு கிற்றாரும் பதிய எங்களுக்கு அவ்வளவு பெரிய வண்டி தேவையில்லை.

அடுத்தது ரீப்பர். சின்னது, வேகமானது, எங்கள் லெப்டொப்பில் பறந்தது. 60 நாள் எல்லா வசதிகளோடும் பாவித்துப் பார்க்கலாம். தனியாள் பாவனைக்கான விலை 60 டொலர், அதாவது 18,000 ரூபாய்க்கு மேல். இங்கேதான் சோதனை. 60 நாள் முடிந்தாலும் அது பூட்டிக்கொள்ளாது. பணம் கட்டச் சொல்லி ஒரு அறிவித்தல் சில செக்கன் நிற்கும், பிறகு வழமைபோல் திறக்கும். நண்பர் ஒருவர் "அது இலவசம்தான், யாரும் கேட்கமாட்டாங்க" என்றார். பக்கத்து வளவுக் கேட் பூட்டாமல் கிடந்தால் மாங்காய் எங்களுடையதாகிவிடுமா? செய்தவர்கள் எங்களை நம்பித்தான் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். நம்பி விட்ட பொருளுக்கு எங்கள் வீடுகளில் அமானிதம் என்றுதான் பெயர். 60 நாள் முடிய எடுத்துவிட்டோம். கையில் காசு வரும் நாளில் முறையாக வாங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

கடைசியில் நின்றது ஓடாசிட்டி. இது 1999 இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி என்ற மாணவரும் ரோஜர் டானன்பர்க் என்ற பேராசிரியரும் தொடங்கிய வேலை. 2000 ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். யாரும் எடுக்கலாம், பாவிக்கலாம், பிரதி பண்ணிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். அந்த அனுமதியை எழுத்திலேயே தந்திருக்கிறார்கள். வகுப்பில் அந்த மாணவனுக்கு முன்னால் தைரியமாகத் திறக்கலாம்.

எங்களிடம் மைக் என்று ஒன்றும் இல்லை. போனோடு வந்த இயர்போனில் இருக்கும் சின்ன மைக்தான். அதை வைத்தே சில பாடங்கள் படித்தோம். கிற்றாரின் ஓட்டைக்கு நேரே மைக்கை வைத்தால் குடத்துக்குள் தட்டுவதுபோல் இரையும். 12 ஆவது கட்டைக்கு நேரே, ஓரடி தள்ளி வைத்தால் சத்தம் தெளிவு. சுவர் எதிரொலித்தால் உடுப்பு அலுமாரியைத் திறந்து அதன் முன்னால் இருந்து வாசியுங்கள். சாரனும் சாரியும் எதிரொலியைக் குடித்துவிடும். எங்கள் ஊரில் சாரனுக்கா பஞ்சம்!

பிறகு பெரிய பிரச்சினை வந்தது. முதல் கிற்றாரைப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதைப் பதிந்தால், இரண்டாவது பின்தங்கி வருகிறது. ஜமாஅத்தில் ஒருவர் மட்டும் பிந்தி ருகூஉ செய்வதுபோல. மென்பொருள் பிழை என்று ஏசினோம். தேடிப் படித்தபோது விளங்கியது: லெப்டொப்பிலிருந்து சத்தம் வெளியே வரவும், நாங்கள் வாசித்தது மைக் வழியாகத் திரும்பி உள்ளே போகவும் நேரம் எடுக்கிறது. அதை ஈடுசெய்ய ஓடாசிட்டி புதிய பதிவைத் தானே 130 மில்லிசெக்கன் முன்னால் தள்ளி வைக்கிறது. ஆனால் ஒவ்வொரு லெப்டொப்புக்கும் அந்தக் கணக்கு வேறு. தாளத்தட்டை ஓடவிட்டு, இயர்போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்து அதையே திரும்பப் பதிந்து, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளந்தோம். எங்களுக்கு 190 வந்தது. இலக்கத்தை மாற்றினோம்.

இனிச் சரியாகிவிடும் என்று பார்த்தால், இன்னும் சரியில்லை! திரையைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கோட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் எங்கள் கை தாளத்துக்கு முந்தி ஓடுகிறது. கோட்டுக்கு முன்னால் அலை, கோட்டுக்கு முன்னால் அலை. பத்து வருடமாக அப்படித்தான் வாசித்திருக்கிறோம், யாரும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் மட்டும் "நான் எப்பவோ சொன்ன" என்றார். பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடு போட்டுப் பழகிய எங்களுக்கு, எங்கள் கொப்பியை யாரோ திருத்தித் தந்ததுபோல் இருந்தது. வெட்கம்தான். ஆனால் பிழை எங்கே என்று தெரிந்த பிறகு திருத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. இதை நாங்களே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்.

இரண்டு மாதப் பழக்கத்துக்குப் பிறகு உம்மாவைக் கூப்பிட்டோம். கிற்றாரைப் பார்த்ததும் உம்மா சொன்னது ஒன்றே ஒன்று:

"கவி சொல்றன் மகன். அந்தச் சாமான அங்கால வைங்க. என்ட குரலுக்குள்ள கம்பிச் சத்தம் என்னத்துக்கு?"

வைத்துவிட்டோம். உண்மையில், சேர்த்திருந்தாலும் சேர்ந்திருக்காது. உம்மாவின் கவி தாளத்தட்டுக்குள் அடங்காது. எங்கே மூச்சு முடிகிறதோ அங்கே நிற்கும், எங்கே மனம் கனக்கிறதோ அங்கே நீளும்.

சுபஹுக்குப் பிறகு, அடுத்த வளவில் தறி தொடங்குவதற்கு முன் பதிவது என்று திட்டம். ஆனால் உம்மா குர்ஆன் ஓதி, தேத்தண்ணி குடித்து, வெத்திலை போட்டு வர தறி தொடங்கிவிட்டது. பேனை நிறுத்தினால் "புழுங்குது புள்ள" என்றா. பேனும் தறியும் ஓட ஓட ஏழு கவி பதிந்தோம். இடையில் ஒரு கவியில் உம்மா நின்றுவிட்டா. மறந்துவிட்டதோ என்று பார்த்தோம். மறக்கவில்லை. அது வாப்பா சவூதியில் இருந்த காலத்தில் சொன்ன கவியாம். கொஞ்சநேரம் பொறுத்து அவவே தொடர்ந்தா. அந்த மௌனத்தை நாங்கள் வெட்டவில்லை.

இரவு இருந்து சத்தத்தைச் சுத்தம் செய்தோம். பேன் மட்டும் ஓடும் இரண்டு செக்கனைத் தெரிவுசெய்து காட்டினால், இதுதான் இரைச்சல் என்று ஓடாசிட்டி படித்துக்கொண்டு, முழுப் பதிவிலிருந்தும் அதைக் குறைக்கும். அளவாகச் செய்ய வேண்டும். ஆசைப்பட்டு முழுதாக எடுக்கப் போனோம், உம்மாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. திரும்பக் குறைத்துச் செய்தோம்.

காலையில் இரண்டு பதிவையும் போட்டுக் காட்டினோம். முதலில் சுத்தம் செய்தது. உம்மா தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "இது ஆருட குரல்? என்ட குரல் இப்பிடியா?" என்றா. பிறகு பேனும் தறியும் இரையும் பழைய பதிவைப் போட்டோம். கொஞ்சநேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

"இதான் நல்லம். வாப்பாட கசெற்றும் இப்பிடித்தான் இரைஞ்சி இரைஞ்சி வரும்."

இரண்டையும் வைத்திருக்கிறோம். ஒன்று லெப்டொப்பில், ஒன்று பென்டிரைவில், ஒன்று கொழும்பில் இருக்கும் தம்பியின் வீட்டில். கடல் கற்றுத்தந்த பாடம் அது, ஒரே அலுமாரியில் எல்லாவற்றையும் வைக்கக் கூடாது. உம்மாவின் விருப்பப்படி அதை இங்கே பகிரவில்லை. அது பேரப்பிள்ளைகளுக்கு.

கிற்றாரும் சும்மா இல்லை. வியாழன் இரவுகளில் தாளத்தட்டைப் போட்டுப் பதிந்து பழகுகிறோம். இப்போது கோட்டுக்குக் கொஞ்சம் கிட்ட வந்திருக்கிறோம். கேட்பவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. கேள்வி கேட்ட அந்த மாணவனுக்கு ஓடாசிட்டியைப் பிரதி பண்ணிக் கொடுத்தோம். "இது களவில்லதானே சேர்?" என்று ஒரு தரம் உறுதிப்படுத்திவிட்டுத்தான் வாங்கினான்.

உங்கள் வீட்டில் உம்மா, வாப்பா, மூத்தம்மா இருந்தால் இந்தக் கிழமையே பதியுங்கள். நல்ல மைக் வரும்வரை, பேன் நிற்கும்வரை பார்த்திருக்க வேண்டாம். போன் போதும். கவி தெரியாவிட்டால் பழைய கதை, அதுவும் இல்லாவிட்டால் சோறு சாப்பிடக் கூப்பிடும் சத்தம். மென்பொருளில் ஏதும் விளங்காவிட்டால் பின்னேரங்களில் வீட்டுக்கு வாங்க. தெரிந்ததைச் சொல்லித் தருகிறோம், அதுவும் இலவசம்தான்.

வாப்பாவுக்காக ஒரு துஆ செய்துகொள்ளுங்கள்.