ஊறுகாயிலிருந்து ரூகாய் வரை

ரீயூனியன் தீவின் கிரியோல் சமையலில் ‘ரூகாய்’ என்றொரு தொடுகறி உண்டு. தக்காளி, இஞ்சி, வெங்காயம், மிளகாய் ஆகியவற்றை உப்புடன் இடித்துச் சேர்ப்பது அதன் எளிய வடிவம். இப்பெயர் நம் ‘ஊறுகாய்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அத்தீவில் கறிவேப்பிலை ‘கலுப்பிலே’. அண்டையிலுள்ள மொரீசியசில் கொத்தமல்லி ‘கொத்தமிலி’. முருங்கைக்கீரை ‘பிரெட் முரூம்’. இடப்பெயர்வும் மொழியும் குறித்த என் ஆய்வுக்காக இச்சொற்களைத் தொகுத்துவந்த நாள்களில், இவற்றை ஏட்டில் மட்டும் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலுள்ள எங்கள் வீட்டில், கிரியோல் பாணியில் காரமான குஸ்குஸ் சமைத்தேன். அம்மாச்சி, அப்பா, அம்மா, அக்கா, மூன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் ஆகிய ஐவருக்காக.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். குஸ்குஸ் வட ஆப்பிரிக்காவின் உணவு. அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா, மொரித்தானியா ஆகிய நான்கு நாடுகளும் இணைந்து முன்மொழிந்து, 2020இல் அது யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ரீயூனியனில் அன்றாட உணவு சோறுதான். இரண்டையும் ஒரு தட்டில் சேர்த்தது என் விருப்பமே தவிர, எந்தத் தீவின் மரபும் அன்று.

கடைகளில் கிடைப்பது முன்னரே ஆவியில் வெந்து உலர்த்தப்பட்ட குஸ்குஸ். இரண்டு தம்ளர் குஸ்குசுக்கு இரண்டு தம்ளர் கொதிநீர், சிறிது உப்பு, ஒரு கரண்டி எண்ணெய். ஐந்து நிமிடம் மூடிவைத்து உதிர்த்துவிட்டால் போதும். வேலை முழுவதும் குழம்பில்தான். காந்தல்லூர்ப் பூண்டு, இஞ்சி, பத்துக் காந்தாரி மிளகாய் ஆகியவற்றை அம்மியில் நசுக்கி, வதங்கிய வெங்காயத்தில் சேர்த்தேன். மஞ்சள்தூளும் தக்காளியும் பின்னர். கிரியோல் சமையலுக்கு இன்றியமையாத ‘தைம்’ தழை எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. கொல்லையிலிருந்த கற்பூரவல்லியைக் கிள்ளிப் போட்டேன். கரீபியன் தீவுகளின் அடுக்களைகளிலும் தைமின் இடத்தில் இதே இலை பயன்படுவதுண்டு.

தட்டைப் பார்த்ததும் அம்மாச்சி கேட்டார்: “ஏல, இது புட்டா, உப்புமாவா?”

உப்புமாதான் என்றார் அம்மா. அம்மாச்சி ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். “ரவைன்னா ஒட்டும். இது மாவுல தண்ணி தெளிச்சுப் பிசிறி ஆவியில வச்சதுல்லா. புட்டுக்குத் தம்பி.”

அவர் கூறியதே சரி. ரவை என்பது உடைத்த கோதுமை. குஸ்குஸோ, ரவைமீது நீர் தெளித்து, மாவு தூவி, உள்ளங்கையால் உருட்டிச் சிறுமணிகளாகத் திரட்டி ஆவியில் வேகவைக்கப்படுவது. செய்முறையால் அது உப்புமாவைவிடப் புட்டுக்கே நெருக்கம். இச்செயலைக் குறிக்க என் குறிப்பேட்டில் நீண்டதொரு விளக்கம் எழுதிவைத்திருந்தேன். அம்மாச்சியிடம் ‘பிசிறுதல்’ என்னும் ஒற்றைச் சொல் இருந்தது.

அச்சொல்லைத் தவிர அவர் மலையிலிருந்து கொண்டுவந்தது அதிகமில்லை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். பின்னர் அங்கே தோட்டங்கள் பெருகியபோது கங்காணிகளின் பின்னே மலையேறிய தமிழ்க் குடும்பங்களுள் அம்மாச்சியின் முன்னோரும் இருந்தனர். மூணாறுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். லயத்து வீடு வேலை உள்ளவரைக்குமான வீடு. மாமா ஓய்வுபெற்றதும் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பேருந்துப் பயணம். கேரளத்தின் ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தமிழ்நாட்டின் ஊடாக வந்து சேர்ந்தார்.

ரீயூனியனில் அடிமைமுறை 1848இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்காகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்கும் மலையேறியவர்களுக்கும் ஒப்புமை இங்கேதான் இருக்கிறது. இருவருக்கும் நிலம் சொந்தமில்லை. வாயில் இருந்த சொல்லும் கையில் இருந்த பக்குவமும் மட்டுமே உடன்சென்றன. ஆயினும் கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று வீட்டில் பேசுவது கிரியோல். வழிபாட்டில் தமிழ் ஒலிக்கிறது. உணவில் தமிழ்ச்சொற்கள் இருக்கின்றன. உரையாடல் மட்டும் வேறு மொழிக்குப் போய்விட்டது. மொரீசியசின் ரூபாய்த் தாளில் இன்றும் தமிழ் எழுத்து உண்டு. அங்கும் பெரும்பாலான தமிழ் இல்லங்களின் பேச்சுமொழி கிரியோல்தான்.

என் ஆய்வுக் கட்டுரைகளில் இச்சொற்களை ‘மரபின் விடாப்பிடி’ என்று பெருமிதத்துடன் எழுதி வந்திருக்கிறேன். அன்று உணவின் நடுவே அக்கா மகள், “மாமா, பிசிறுதல்னா எந்தா?” என்று கேட்டபோது, அதே சான்றுகளுக்கு மற்றொரு பொருளும் உண்டு என்று தோன்றியது. அவள் பயில்வது மலையாளவழிப் பள்ளியில். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்க அறியாள். சித்தூர், தேவிகுளம் வட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையர் தம் மொழியிலேயே அரசுக்குக் கடிதம் எழுத இடமளிக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. கடிதம் எழுதத்தக்க தமிழ் அடுத்த தலைமுறையின் கையில் இருக்குமா என்பதே வினா.

அக்காவின் விடை தயாராக இருந்தது: “பி.எஸ்.சி. பரீட்சைக்கு மலையாளம்தான வேணும்? நீயா வேலை வாங்கிக் கொடுப்ப?” இதில் நியாயம் உண்டு. இம்மண்ணில் வாழ்பவர் மலையாளத்தைச் செம்மையாகக் கற்றே ஆகவேண்டும். அது எங்களுக்கும் உரிய மொழி. “பேசத் தெரியுதுல்லா, அது போதும்” என்று சமாதானம் செய்தார் அம்மாச்சி. என்னால் அதை ஏற்க முடியவில்லை. பேச்சு மட்டுமே எஞ்சும்போது அது முதலில் வீட்டுக்குள் ஒடுங்குகிறது, பின்னர் அடுக்களைக்குள். அங்கே பெயர்ச்சொற்கள் நெடுநாள் வாழ்கின்றன. வினைச்சொற்கள் அவ்வாறு வாழ்வதில்லை. ஊறுகாய் ‘ரூகாய்’ ஆகத் தங்கிவிட்டது. நான் தொகுத்த பட்டியலில் ஊறவைத்தலையும் பிசிறுதலையும் காணவில்லை. அடுக்களைச் சொற்கள் எஞ்சியிருப்பது ஆறுதல். அவை மட்டுமே எஞ்சியிருப்பது எச்சரிக்கை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அரை மணி நேரம் அம்மாச்சி சமையல் சொல்கிறார். அக்கா மகள் தமிழில் எழுதுகிறாள். பெயர்களைவிட வினைகளுக்கே முதலிடம்: பிசிறு, நசுக்கு, தாளி, கிண்டு, இறக்கு. இதுவரை நான்கு பக்கங்கள். பிழைகள் நிறைய. அக்கா தடுக்கவில்லை, சென்ற வாரம் அவளே உடன் அமர்ந்து இரண்டு எழுத்துகளைத் திருத்தினாள்.

எல்லைப் பகுதிகளில் பயிலும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டு முதியவர்களின் சமையலைப் பதிவு செய்யும்போது பண்டங்களின் பெயர்களோடு நிறுத்திவிடாதீர்கள். கை செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் அவர்கள் சொல்லும் சொல்லையும் கேட்டு எழுதுங்கள். இயன்றால், வீட்டின் இளையவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள்.