அழிக்க வேண்டிய சொல் எது?

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்துத் தோழர்கள் கேட்டார்கள். நம் மலரில் காதல் கவிதைக்கும் அம்மா கவிதைக்கும் என்றைக்குமே பஞ்சமில்லை. எனக்குக் கவிதை வராது. அதனால் 2025 கோடை விடுமுறையில் நான் பார்த்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்கள் மட்டுமல்ல, மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் படிக்கலாம். உங்கள் வீட்டுக் கல்யாணப் படமும் இதில் மாட்டியிருக்கக் கூடும்!

எனக்குச் சொந்த ஊர் செம்மங்குப்பம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், சிப்காட் கம்பெனிகளை ஒட்டி இருக்கிறது. அப்பா ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அக்கா ஒன்பதாவதோடு நின்றுவிட்டாள். பஸ் செலவுக்கும் பரீட்சை ஃபீஸுக்கும் ஆகட்டுமே என்று மே மாதம் கடலூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்தேன். கடைப் பெயர் வேண்டாம்.

அங்கே ஒன்பது ஹார்ட் டிஸ்க். பதினாறு வருஷத்துக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி எல்லாம் அதற்குள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் படங்களுக்கு மேல். என் வேலை படங்களைத் தொடுவதல்ல. படங்களுக்குள் ஒளிந்திருக்கும் வார்த்தைகளைச் சுத்தம் செய்வது.

புரியவில்லையா? பழைய போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் பேரும் தேதியும் எழுதி வைப்பார்கள் அல்லவா? டிஜிட்டல் படத்துக்கும் அப்படி ஒரு பின்பக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. அதில் எழுதுகிற குறிச்சொல்லைக் கீவேர்ட் என்கிறார்கள். செய்தி நிறுவனங்கள் படங்களைத் தேடி எடுப்பதற்காக 1990களில் ஐபிடிசி என்ற முறையைக் கொண்டுவந்தன. 2001-ல் அடோபி கம்பெனி எக்ஸ்எம்பி என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது. இரண்டிலும் எழுதுவது ஃபைலோடு ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

ஸ்டுடியோவில் முன்பு இருந்த ஆள் கை ஓயாமல் எழுதித் தள்ளியிருந்தார். 'சீமந்தம்' ஐந்து விதமான எழுத்துப்பிழையோடு இருந்தது. ஒருமுறை போட்ட சொல்லை எடுக்க மறந்து அடுத்த டிஸ்க்கையும் ஏற்றியதால், ஒரு பெரியவரின் இறுதி ஊர்வலப் படங்கள் முழுக்க 'வளைகாப்பு'! இன்னொரு கல்யாணத்தில் மாப்பிள்ளை, பெண், நாதஸ்வரக்காரர் என்று அத்தனை பேர் மேலும் 'பாக்கி 2000'. அந்த மாப்பிள்ளை துபாயில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பார்த்துவிட்டார். போன் வந்தது. அவர் பேசியதை மலரில் அச்சிட முடியாது.

"எல்லாத்தையும் ஒரே அடியா அழிச்சிடு தம்பி" என்றார் ஸ்டுடியோ அண்ணன்.

முடியும். எக்ஸிஃப்டூல் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பில் ஹார்வி என்பவர் 2003-ல் வெளியிட்டது. ஒரே ஒரு வரி கட்டளை கொடுத்தால் லட்சம் படத்துக் குறிச்சொல்லும் காலி. அன்று மத்தியானம் ஆலப்பாக்கத்திலிருந்து ஒருவர் வராமலிருந்தால் அழித்தும் இருப்போம். அவர் அம்மா காலையில் இறந்துவிட்டார். கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் இல்லை. "எங்க பையன் காதுகுத்துல நீங்கதான் எடுத்தீங்க" என்றார். வருஷம் நினைவில்லை. 'ஆலப்பாக்கம்', 'காதுகுத்து' என்று தேடினேன். நாலே விசேஷம். மூன்றாவதில் அந்த அம்மா பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மானிட்டரைத் தொட்டுப் பார்த்தார்.

அண்ணன் அதற்குப் பிறகு மொத்தமாக அழிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

ஒவ்வொன்றாக அழிப்பதிலும் ஒரு கூத்து உண்டு. காலையில் அழித்த 'பாக்கி' சாயங்காலம் திரும்பவும் முளைத்திருக்கும்! பேய் பிடித்த மாதிரி இருந்தது. விஷயம் என்னவென்றால், ஒரே சொல் நாலு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஐபிடிசியில் ஒன்று, எக்ஸ்எம்பியில் சப்ஜெக்ட் என்ற பேரில் ஒன்று, லைட்ரூம் தனக்கென வைத்துக்கொள்ளும் அடுக்குப் பட்டியலில் ஒன்று, விண்டோஸ் எழுதும் இடத்தில் ஒன்று. ஓரிடத்தில் அழித்தால் மென்பொருள் இன்னோர் இடத்திலிருந்து எடுத்துக் காட்டிவிடும். நாலையும் ஒரே கட்டளையில் அழிக்க வேண்டும். எக்ஸிஃப்டூல் பழைய ஃபைலைப் பத்திரமாக நகல் வைத்துக்கொள்ளும். நல்லதுதான், ஆனால் டிஸ்க் இரண்டு மடங்கு நிரம்பும். ஆயிரம் ஆயிரமாகத்தான் செய்ய முடிந்தது.

தமிழுக்கு இன்னொரு தொல்லை. ஐபிடிசியில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் மெய்ப்புள்ளி, கொம்பு, சுழி எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மூன்று. எங்கள் ஊர்ப் பெயரை மட்டும் எண்ணிப் பாருங்கள், 42 பைட்! 'செம்மங்குப்பம் ரயில்வே' என்று எழுதினால் சரியாக 64. அதற்கு மேல் 'கேட்' என்று எழுத இடமில்லை. எக்ஸ்எம்பியில் அந்தத் தொல்லை கிடையாது.

மூன்றாவது வாரம் எங்கள் ஊர்ப் படங்கள் வந்தன. 2019-ல் நடந்த அக்கா கல்யாணம். அதில் 'செம்மங்குப்பம் காலனி' என்றிருந்தது. அப்பா, அம்மா, சின்னப் பையனாக நான், எல்லாரோடும் அந்தச் சொல். அதே வருஷம் ஊர்ப் பக்கத்தில் நடந்த கல்யாணத்தையும் திறந்து பார்த்தேன். 'செம்மங்குப்பம்' மட்டும்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆல்பம் கொண்டுபோற பையனுக்கு வழி தெரியணும்னு போட்டதுப்பா. அட்ரஸ்தானே?"

"அட்ரஸ்னா ஊர்ப் பக்கம் எந்தத் தெருன்னு ஏண்ணே போடல?"

அவர் பதில் சொல்லவில்லை. லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு மதியச் சாப்பாடு தன் வீட்டிலிருந்தே கொண்டுவருவார். ஆனாலும் அந்தச் சொல் எங்கள் சொந்தக்காரப் பெண்ணுக்கு வரன் பார்க்க அனுப்பிய படத்திலும் ஒட்டிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, 2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார். பழைய பேப்பரைத் தேடி மறுநாள் மேசைமேல் வைத்தேன். "சரி, எடுத்துடு" என்றார்.

எடுப்பது அத்தனை சுலபமில்லை. 'டீச்சர்ஸ் காலனி', 'பேங்க் காலனி' என்றெல்லாம் வந்தது. அங்கே இருப்பவர்கள் கேட்டுப் பக்கத்தில் அந்தப் பலகையைப் பெருமையாக மாட்டியிருப்பார்கள். ஒரே சொல்தான், ஆனால் ஒருத்தருக்கு அது விலாசம், இன்னொருத்தருக்கு அது வேறு. கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அவர் ஆங்கிலத்தில் மூன்றெழுத்தாகச் சுருக்கி எழுதியதைத் தேடினால் காலேஜும் கலரும்கூடச் சேர்ந்து வந்தன. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே எடுத்தேன்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். கம்ப்யூட்டருக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்க அமெரிக்காவில் இமேஜ்நெட் என்று சுமார் 1 கோடியே 40 லட்சம் படங்களைச் சேர்த்தார்கள். மனிதர்களுக்கென்று மட்டும் 2,832 பெயர்கள். அகராதி மாதிரி ஒரு பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டியவை, வசவுச் சொற்களும் சேர்த்து! பத்து வருஷம் கழித்து, 2019-ல்தான், அதில் 1,593 பெயர்கள் ஆகாதவை என்று கண்டு, சுமார் 6 லட்சம் படங்களை எடுப்பதாக அறிவித்தார்கள். படத்தில் இருந்தவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் அம்மாவைக் கேட்டேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு என்ன போடலாம்?

"ஊர் பேரு மட்டும் போடு. அவங்களுக்கு அது போதும்னா நமக்கும் அது போதும்" என்றது அம்மா.

அப்படியே போட்டேன்.

கல்லூரி திறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனேன். 2025 ஜூலை 8 காலையில் எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மேல் ரயில் மோதி மாணவர்கள் மூன்று பேர் இறந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த ஞாயிறு அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "அந்த 'கேட்'டையும் எடுத்துடலாமாடா?" சில வீடுகளுக்கு அடையாளமாக 'செம்மங்குப்பம் ரயில்வே கேட்' என்று போட்டிருந்தது. ஐபிடிசியில் முன்பே வெட்டுப்பட்டு, எக்ஸ்எம்பியில் மட்டும் முழுசாக நின்றது.

வேண்டாம் என்றேன். அந்த வீடுகள் இப்போதும் கேட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதில் 2012-ல் கல்யாணம் நடந்தது, 2017-ல் காதுகுத்து நடந்தது. இன்று நெட்டில் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டால் அந்த வேன்தான் வருகிறது. ஸ்டுடியோ டிஸ்க்கில் தேடினால் வாழைமரம் கட்டின பந்தல் வருகிறது. அது வரட்டும்.

இன்னும் இரண்டு டிஸ்க் மிச்சம். அதில் பாதி சிதம்பரம் பக்கத்து ஊர்கள். எனக்குத் தெருவெல்லாம் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருந்தால் சொல்லுங்கள். சம்பளம் கொஞ்சம்தான், டீ அண்ணன் கணக்கு.